ஆளுக்குப் பாதிப் படகு

ஒரு படகை நடுவில் கோடு போட்டு ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்ட ஆண்பிள்ளைகளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அக்கா பார்த்தாள். பார்த்தது மட்டுமா, அந்தக் கோடு போடத் தையல் சாக்கட்டியை எடுத்துக் கொடுத்த புண்ணியவதியே அவள்தான்.

அக்கா என்றால் ஊருக்கே அக்கா. பேன்ட் குறைக்க வருகிறவர்களும், ஜிப் மாற்ற வருகிறவர்களும், அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். கூடப் பிறந்த தம்பி என்னவோ ஒருத்தன்தான். வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். அவள் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் இருபத்திரண்டு வருஷமாக எலெக்ட்ரீஷியன். ஒரே வீட்டுக்கு இரண்டு எலெக்ட்ரீஷியன்கள், ஆனால் அவள் சமையலறை விளக்கு மட்டும் ஆறு மாதமாகக் கண்ணடித்துக்கொண்டே இருந்தது. அதைப் பற்றிப் பேசினால் கதை வேறு பக்கம் போய்விடும், விடுங்கள்.

அந்தப் படகை இருவரும் கூட்டாகத்தான் வாங்கினார்கள். பதினாறு அடி அலுமினிய மீன்பிடிப் படகு. யாரோ ஒருவர் கொல்லையில் மழைத்தண்ணீரும் சருகுமாக, உள்ளே ஒரு செடியே முளைத்துக் கிடந்ததைப் பார்த்து, மாமனும் மச்சானும் பெண் பார்க்கப் போனவர்கள் மாதிரி வழிந்துகொண்டு திரும்பினார்கள். அக்கா பார்த்தவுடன் அதற்கு 'அண்டா' என்று பெயர் வைத்தாள். அப்போதெல்லாம் அதற்கு இருவரும் சேர்ந்து கோபித்துக்கொண்டார்கள். சேர்ந்து கோபித்துக்கொண்ட கடைசி விஷயம் அதுதான்.

சண்டை வந்தது படகு வீட்டுக்கு வந்த அன்றைக்கே. வீட்டுக்காரர் காரைப் பின்னால் எடுக்கிறார், பின்னே இழுவை வண்டியில் படகு, அதற்கும் பின்னே கேட்டருகில் நின்று தம்பி கையைக் காட்டி வா வா என்கிறான். பாதியில் அவனுக்கு போன் வந்தது. அவன் திரையைப் பார்த்தான். அதே நேரம் பார்த்து இவர் கண்ணாடியை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரன் புதிதாக வாங்கியிருந்த காரைப் பார்த்தார். கேட்டுத் தூண் மடமடவென்று சாய்ந்தது. படகின் வயிற்றில், சரியாக நட்டநடுவில், ஒரு சொட்டை விழுந்தது.

இரண்டு பேர் மேலும் தப்பு. அதை அக்கா அன்றைக்கே சொன்னாள். சொன்னதற்கு இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். கை காட்டுறவன் போனைப் பார்ப்பானா என்று இவர் கத்த, வண்டி ஓட்டுறவர் கண்ணாடியைப் பார்க்க மாட்டாரா என்று அவன் கத்த, கடைசியில் தம்பி அக்கா பக்கம் திரும்பி, "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லி வை" என்று ஆரம்பித்தான். அதுவரைக்கும் வாய் நிறைய மாமா, மாமா என்று சுற்றி வந்தவன். அன்றிலிருந்து அவர் 'உன் வீட்டுக்காரர்' ஆனார். அவரும் சளைத்தவரா, 'மாப்ள' என்ற சொல்லைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, 'உன் தம்பி' என்று ஆரம்பித்தார். பேச்சு அதோடு நின்றது. பதினாலு மாதம்.

பேச்சுதான் நின்றதே தவிர, படகை விட்டுக்கொடுக்க இரண்டு பேருக்கும் மனசில்லை. அதனால் வந்ததுதான் கோடு. அந்தச் சொட்டையின் மேலாக, நடுப்பலகையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக் கோடு. முன் பாதி வீட்டுக்காரருடையது, பின் பாதி தம்பியுடையது. திங்கள், புதன், வெள்ளி தம்பி வந்து வேலை செய்வான். செவ்வாய், வியாழன், சனி இவர். ஞாயிறு படகுக்கு ஓய்வு. கோட்டுக்கு அந்தப் பக்கம் கை நீளக் கூடாது, கண்ணும் போகக் கூடாது. இதையெல்லாம் அக்கா வாய் வழியாகவே பேசி முடித்தார்கள். இரண்டு நாடுகள் எல்லை பிரித்தபோதுகூட இத்தனை கறார் இருந்திருக்காது.

ஆனால் பாருங்கள், படகு வேலை என்பது ஒற்றை ஆள் வேலையே இல்லை. எங்கே ஒழுகுகிறது என்று தெரிய உள்ளே தண்ணீரை நிரப்ப வேண்டும், அது நிரம்பும்போது வெளியே ஒருத்தர் குனிந்து சொட்டுகிற இடத்தில் எல்லாம் குறி போட வேண்டும். தளர்ந்துபோன ரிவெட் ஆணியை உள்ளிருந்து ஒருத்தர் சுத்தியலால் அடித்தால், வெளியே ஒருத்தர் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்துப் பிடிக்க வேண்டும். அந்த ஒருத்தர் யார்? அக்காதான். திங்கள் புதன் வெள்ளி தம்பிக்குப் பிடித்தாள், செவ்வாய் வியாழன் சனி இவருக்குப் பிடித்தாள். மொத்தப் படகுக்கும் கட்டை பிடித்த ஆள் அவள் ஒருத்திதான், அவளுக்குத்தான் அதில் ஒரு சாண் இடமும் சொந்தமில்லை.

அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. படகின் பின்பக்கம் அடியில் ஓர் ஓட்டை உண்டு. கரையேற்றியதும் உள்ளே தேங்கிய தண்ணீர் வடிவதற்காக. அதற்குக் கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளைத் திருகு மூடி. படகு வந்த அன்றைக்கே அதைக் கழற்றிப் பட்டன் டப்பாவில் போட்டுக்கொண்டாள். ஆம்பிளைகள் கையில் கொடுத்தால் தொலைத்துவிட்டு அதற்கும் ஒரு சண்டை போடுவார்கள் என்பது அவள் கணக்கு. தண்ணீர் நிரப்பிப் பார்த்த அன்றைக்கு மட்டும் யார் கண்ணிலும் படாமல் அவளே திருகினாள், முடிந்ததும் மறக்காமல் கழற்றிக்கொண்டாள்.

இதெல்லாம் அவளுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. வேடிக்கை இல்லாதது சாப்பாடு. தம்பி சமையலறை வாசலைத் தாண்ட மாட்டான். படகு நிற்கிற கராஜிலேயே பழைய வாஷிங் மெஷின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துச் சாப்பிடுவான். உள்ளே நாலு நாற்காலி போட்ட மேசை இருக்கிறது. அந்த மேசையில் அவன் உட்காராத பதினாலு மாதமும் அவளுக்கு ஒரு வாய் நிம்மதியாக இறங்கவில்லை. அழுதுகூடப் பார்த்தாள். "அவன் முதல்ல பேசட்டும்" என்றார் இவர். "அவர் முதல்ல பேசட்டும்" என்றான் அவன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் அப்படி ஓர் ஒற்றுமை.

அப்புறம் ஒரு புதன்கிழமை ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தம்பி சொன்னான், வேறொரு ஊரில் பெரிய ஆஸ்பத்திரி கட்டுகிறார்களாம், மொத்த வயரிங்கும் இவன் முதலாளிக்குக் கிடைத்திருக்கிறதாம், மாசக் கடைசியில் கிளம்புகிறானாம். இரண்டு வருஷம். அக்கா கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. இன்னும் இருபது நாள்தான். இப்படியே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான் என்றால், அந்த இரண்டு வருஷம் இருபது வருஷம் ஆகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அவன் பிறந்ததிலிருந்து அவனைப் பார்க்கிறவள் அவள்.

படகு அப்போது வயரிங்குக்கு வந்திருந்தது. இங்கேதான் கூத்து.

பின் பாதியில் பேட்டரி, ஃபியூஸ் பெட்டி, தண்ணீர் இறைக்கும் பம்பு, கம்பத்து உச்சியில் வெள்ளை விளக்கு. எல்லாம் தம்பி வேலை. முன் பாதியில் சுவிட்சுப் பலகை, ஹாரன், மூக்கில் சிவப்பும் பச்சையுமாக ஒரு விளக்கு. அது வீட்டுக்காரர் வேலை. இரண்டும் தனித்தனியே பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். தம்பி இழுத்த வயரில் ஒரு சுருக்கம் இருக்காது. இவர் வயரைக் கட்டிய கட்டு ஒவ்வொன்றும் ஒரே இடைவெளியில் இருக்கும். தனியாக ஒரு பேட்டரி வைத்து அவரவர் பாதியைச் சோதித்தால் எல்லாம் பளிச்சென்று எரியும். கோட்டருகே இரண்டையும் இணைத்தால் மட்டும், டப். ஃபியூஸ் போச்சு.

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, முன் பாதில ஷார்ட் இருக்கு" என்றான் தம்பி வெள்ளிக்கிழமை. "உன் தம்பிகிட்ட சொல்லு, நான் கை வெச்ச பஸ்ஸுல இருபத்திரண்டு வருஷமா ஒரு ஃபியூஸ் போனதில்ல" என்றார் இவர் சனிக்கிழமை. திங்கட்கிழமை ஒரு ஃபியூஸ் போனது. செவ்வாய்க்கிழமை இன்னொன்று போனது. செத்த ஃபியூஸ்களை அக்கா பொறுக்கிப் பட்டன் டப்பாவில் போட்டு வைத்தாள்.

ஏன் போகிறது என்று அவளுக்கு முதல் நாளே தெரியும். இதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

அந்த ஊர் வீட்டு வயரிங்கில் கறுப்பு வயர்தான் தம்பிக்குக் கரண்ட் வருகிற வயர். அவள் தையல் அறைக்கு வயரிங் செய்தபோது, கறுப்பைத் தொட்டுடாதே அக்கா, தூக்கிப் போட்டுடும் என்று நூறு தடவை சொல்லியிருக்கிறான். அந்தப் பழக்கத்தில் படகிலும் பேட்டரியின் பிளஸ்ஸைக் கறுப்பில் கொண்டுவந்து கோட்டருகே விட்டுவைத்தான். பஸ்ஸிலோ கறுப்பு என்றால் மைனஸ், அதைக் கொண்டுபோய் வண்டியின் உடம்பில் முடுக்கிவிட வேண்டியது, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தில் இவர் அந்தக் கறுப்பை எடுத்துப் படகின் உடம்பில் போல்ட் போட்டு முடுக்கினார். போதாக்குறைக்கு, வீடென்றால் எர்த் இல்லாமல் தம்பிக்குத் தூக்கம் வராது. பேட்டரி மைனஸிலிருந்து ஒரு பச்சை வயரை இழுத்துப் படகின் உடம்பில் அவன் ஏற்கெனவே கட்டி வைத்திருந்தான். ஆக, பிளஸ் ஒரு பக்கம் வந்து உடம்பில் ஏறுகிறது, மைனஸ் இன்னொரு பக்கம் அதே உடம்பில் உட்கார்ந்திருக்கிறது. டப் என்னாமல் என்ன செய்யும்? இரண்டு வேலைக்கும் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தவள் அக்கா.

ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. வாயைத் திறந்தும்விட்டாள். அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. சொன்னால் என்ன ஆகும்? இவர் தன் போல்ட்டைக் கழற்றுவார், அவன் தன் வயரை மாற்றுவான், படகு எரியும், இருவரும் முகம் பார்க்காமலே வேலையை முடித்துவிட்டுப் போவார்கள். இந்த டப் ஒன்றுதான் இவர்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவரக்கூடிய ஒரே ஆள். அதைப் போய் நானே கெடுப்பேனா என்று வாயை மூடிக்கொண்டாள். "என்னம்மா சொல்ல வந்தே?" என்று கேட்டவரிடம், டீ ஆறுது என்றாள்.

டப்பாவில் ஃபியூஸ் பதினொன்று சேர்ந்தது. இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. வீம்பு மட்டும் ஒரு நூல்கூட இறங்கவில்லை. சரி, இனி கையைக் கட்டிக்கொண்டிருந்தால் வேலைக்கு ஆகாது என்று அக்கா களத்தில் இறங்கினாள்.

வியாழக்கிழமை இவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, தையலில் இருந்து தலையைத் தூக்காமல், தம்பி ஊருக்குப் போகிறான் இல்லையா, அவன் பாதியைப் பழைய இரும்புக்காரரிடம் பேசி முடித்துவிட்டானாம், சனிக்கிழமை பத்து மணிக்குக் கோட்டோடு வெட்டி எடுத்துப் போக வருகிறார்களாம் என்று போட்டாள் ஒரு போடு. அவருக்கு டீ புரையேறியது. வெள்ளிக்கிழமை தம்பி தட்டோடு உட்கார்ந்திருந்தபோது அதே செய்தி, ஆளை மட்டும் மாற்றி. ஃபியூஸ் போய்ப் போய் உன் மாமாவுக்கு வெறுத்துப்போச்சுடா, முன் பாதியை விற்றுவிட்டார், சனிக்கிழமை பத்து மணிக்கு வெட்ட வருகிறார்கள். தம்பி பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டான். அது மட்டும் அக்காவுக்குக் கொஞ்சம் உறுத்தியது.

பழைய இரும்புக்காரரிடம் அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பழைய வாஷிங் மெஷின் ஒன்று இருக்கிறது, சனிக்கிழமை பத்து மணிக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள், வெட்டுகிற மெஷினும் கொண்டுவாருங்கள், சுவரோடு போல்ட் துருப்பிடித்திருக்கிறது என்றாள். அத்தனையும் உண்மை.

சனிக்கிழமை எட்டு மணிக்கே வீட்டுக்காரர் டிப்போவுக்கு லீவு சொல்லிவிட்டுக் கராஜில் படகின் முன் பாதியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஒன்பதரைக்குத் தம்பி வந்தான். அவன் முறை இல்லாத நாள். வந்தவன் ஒரு வார்த்தை பேசாமல் பின் பாதியில் ஏறி உட்கார்ந்தான். ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, தரையில் நிற்கிற படகில் இரண்டு பேர். எதிரெதிர்த் திசையில் பயணம் போகிறவர்கள் மாதிரி. கராஜை ஒட்டிய தையல் அறை ஜன்னலிலிருந்து பார்த்த அக்கா, சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரே சட்டைக் கையை இரண்டு தடவை தைத்தாள்.

பத்து மணிக்குப் பழைய இரும்புக்காரர் வந்தார். பேச்சை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற மனிதர். வெட்டுகிற மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு கராஜுக்குள் நுழைந்ததுதான் தாமதம், முன்னாலிருந்து ஒரு குரல், என் பாதியில் கை வைக்கக் கூடாது என்று. பின்னாலிருந்து இன்னொரு குரல், என் பாதியிலும்தான் என்று. அவன்தானே விற்கிறான் என்று இரும்புக்காரரிடம் வீட்டுக்காரர் சொல்ல, அவர்தானே விற்கிறார் என்று தம்பி சொல்ல, மனிதர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். படகை யாரும் என்னிடம் விற்கவில்லையே, நான் வாஷிங் மெஷினுக்கு வந்தவன் என்றார்.

அவர் வாஷிங் மெஷின் பக்கம் போக நினைத்தவர், தொழில் புத்தி, போகிற போக்கில் படகை ஒரு தட்டுத் தட்டினார். குனிந்து பின்னால் அந்தப் பச்சை வயரைப் பார்த்தார். நிமிர்ந்து முன்னால் பலகை இடுக்கில் அந்த போல்ட்டைப் பார்த்தார். இதை யார் செய்தது என்று கேட்டார். இவர் அவனையும் அவன் இவரையும் காட்டக் கையைத் தூக்கினார்கள்.

"ரெண்டு பேரும்தான்" என்றார் பழைய இரும்புக்காரர். "அலுமினியத்தோட உடம்புல கரண்ட் போகவே கூடாது. தண்ணில இறங்கினா அது உடம்பைத் தின்னுடும். இந்த மாதிரி எத்தனையோ எனக்கு வந்திருக்கு, எல்லாம் சல்லடை சல்லடையா. நீங்க இப்படியே ஓட்டுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு வரேன், வெட்டவே வேண்டாம், கூடையில அள்ளிக்கிறேன்."

சொல்லிவிட்டு வாஷிங் மெஷினைக் கழற்றி எடுத்துக்கொண்டு அவர்பாட்டுக்குப் போய்விட்டார். இருபத்திரண்டு வருஷ டிப்போவும் வீட்டு வயரிங்கும் ஒரே அடியில் மூக்குடைபட்டு உட்கார்ந்திருந்தன. இருவருக்கும் அடி என்பதால் ஒருவர் மற்றவரைப் பார்த்துச் சிரிக்கவும் வழியில்லை. அக்கா அப்போது உள்ளே போய் எதுவும் பேசவில்லை. எங்கே வாயை மூட வேண்டும் என்று தெரிந்தவள் அவள்.

கொஞ்ச நேரம் கழித்து இவர் முன்னால் குனிந்து போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார். பின்னால் தம்பி பச்சை வயரை வெட்டினான். இவருக்கு வயர் வெட்டுகிற கட்டிங் பிளையர் தேவைப்பட்டது, தேடினார், கிடைக்கவில்லை. பின் பாதியிலிருந்து ஒரு பிளையர் நடுப்பலகை மேல் சறுக்கிக்கொண்டு வந்து, வெள்ளைக் கோட்டைத் தாண்டி நின்றது. இவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எடுத்துக்கொண்டார்.

மதியம் முழுக்க வேலை நடந்தது. கறுப்பு வயருக்கு இவர் சிவப்பு டேப் சுற்றினார். படகின் உடம்பைத் தொடாமல் தனியாக ஒரு மைனஸ் வயரைத் தம்பி பின்னாலிருந்து முன்வரைக்கும் இழுத்தான். அதற்காகக் கோட்டைத் தாண்டினான், இவர் காலை ஒதுக்கி வழிவிட்டார். ஒரு பேச்சில்லை. நாலு மணிக்கு எல்லாம் முடிந்தது. இவர் சுவிட்சுப் பலகை முன்னால் உட்கார்ந்து, ஒரு மூச்சு இழுத்துவிட்டு, வெள்ளை விளக்கின் சுவிட்சைப் போட்டார். டப் இல்லை.

விளக்கு அவர் முதுகுக்குப் பின்னால், கம்பத்து உச்சியில். திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் பதினாலு மாத வீம்பில் இறுகிப்போன கழுத்து, அது திரும்பவில்லை. வாய்தான் தன்னை மறந்தது.

"எரியுதா?"

கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. அக்கா தையல் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். சொல்லுடா, சொல்லித் தொலைடா என்று மனசுக்குள் தம்பியை உலுக்கினாள்.

"எரியுது" என்றான் தம்பி. கொஞ்சம் பொறுத்து, "எரியுது மாமா" என்றான்.

அப்புறம் என்ன, பம்பு ஓடுதா, ஓடுது மாமா, சிவப்பு பச்சை, பிரமாதம் மாமா, ஹாரன் என்றதும் கராஜே அதிர்ந்தது. அக்கா அழுதாள். நன்றாகவே அழுதாள். அழுதுகொண்டிருந்தவளுக்கு வெளியே பேச்சு திடீரென்று தணிந்து, ஒரு மாதிரி குசுகுசுப்பாக மாறியது காதில் விழுந்தது.

விற்கிறதாக உங்களுக்கு யார் சொன்னது என்று தம்பி கேட்டான். உன் அக்கா என்றார் இவர். எனக்கும் அவதான் என்றான் அவன். நான் கறுப்பு வயரை முடுக்கும்போது டார்ச் பிடித்தது யார் தெரியுமா என்றார் இவர். நான் அதை இழுத்தபோது பிடித்ததும் அதே டார்ச்தான் என்றான் அவன். இரண்டு தலையும் மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பின. அக்கா சட்டென்று குனிந்து மும்முரமாகத் தைத்தாள். ஊசியில் நூலே இல்லை.

அன்றைக்கு மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தம்பி கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். ஒருவரும் அவளை ஒரு கேள்வி கேட்கவில்லை. அவளுக்குத் தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்தார்கள். இத்தனை மரியாதை நல்லதுக்கில்லையே என்று அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வாசலில் கார் சத்தம் கேட்டு விழித்தாள். வா மாமா, வா, வா, இன்னும் கொஞ்சம், போதும் என்று தம்பி குரல். எதுவும் இடியவில்லை. ஓடிப்போய் ஜன்னலைத் திறப்பதற்குள் கார் தெரு முனையில் திரும்பிவிட்டது, பின்னால் அவள் கட்டை பிடித்த, குறி போட்ட, டார்ச் அடித்த அண்டா பளபளவென்று போய்க்கொண்டிருந்தது. தையல் மெஷின் மேல் ஒரு காகிதம். இவருடைய டிப்போக் கையெழுத்து.

'இனி டார்ச் பிடிக்க ஆள் தேவை இல்லை. இப்படிக்கு, முன் பாதி, பின் பாதி.'

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இரண்டு பேரையும் சேர்த்துவைத்தவள் நான், சேர்ந்ததும் முதல் காரியமாக என்னைக் கழற்றிவிட்டார்கள் பார் என்று முணுமுணுத்தாள். சந்தோஷமும் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அந்தச் சந்தோஷத்தின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. கோபத்தில் காகிதத்தைக் கசக்கிப் பட்டன் டப்பாவில் திணிக்கப் போனாள். டப்பாவைத் திறந்தாள்.

பதினொரு ஃபியூஸ்களுக்கு நடுவே பித்தளை மூடி அவளைப் பார்த்தது.

அக்கா அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டாள். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிதானமாக உட்கார்ந்து குடித்தாள். பாதி டீயில் போன் அடித்தது. வீட்டுக்காரர்தான்.

"ஏம்மா, அந்தப் பின்னாடி அடியில ஒரு ஓட்டை இருக்கில்ல, அதுக்கு ஒரு மூடி..."

எந்த ஓட்டை, எந்த மூடி என்று அக்கா கேட்டாள். பின்னணியில் தண்ணீர் சத்தம், நீங்க மாட்டியிருப்பீங்கன்னு நினைச்சேன் மாமா என்று தம்பி குரல், பின் பாதி உன்னுதுதானேடா என்று இவர் பதில். பம்பு ஓடுகிறதா என்று விசாரித்தாள் அக்கா. ஓடுது, ரொம்ப நல்லா ஓடுது, அது ஓடுறதாலதான் பேசிட்டிருக்கோம் என்றார் அவர்.

ஏரி தெரு முனையிலிருந்து பத்து நிமிஷ நடை. அவள் தலை வாரி, நல்ல செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இருபத்தைந்து நிமிஷத்தில் போனாள். அதற்குள் படகைத் திரும்ப வண்டிமேல் இழுத்து ஏற்றியிருந்தார்கள். பின் ஓட்டை வழியாகத் தண்ணீர் ஒரு குழாய் மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு ஆண்பிள்ளைகள், முழங்கால் வரைக்கும் நனைந்து, ஒருவர் மாதிரியே ஒருவர் அசடு வழிந்துகொண்டு.

தம்பிதான் முதலில் கேட்டான். "எத்தனை நாளா இது உன்கிட்ட இருக்கு?"

"படகு வந்த நாள்லேருந்து" என்றாள் அக்கா. "உங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்குப் பாதிதான். தண்ணி உள்ளே வராம இருக்கறது முழுக்க என்னோடது."

மூடியை அவளே குனிந்து திருகினாள். ஏறி, நடுப்பலகையில், சரியாகக் கோட்டின் மேல் உட்கார்ந்தாள். இவர் முன்னால், தம்பி பின்னால். ஏரியை இரண்டு சுற்று வந்தார்கள். மீன் ஒன்றும் கிடைக்கவில்லை, ஒருவரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. தேவையே இல்லாத இடத்தில் எல்லாம் இவர் ஹாரன் அடித்தார். கரைக்குத் திரும்பி எழுந்தபோது கோடு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல்தான் இருந்தது. மீதியெல்லாம் அவள் புடவையில் ஒட்டியிருந்தது.

படகை வண்டிமேல் ஏற்றினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி இங்கே இருக்க மாட்டான். அது மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். தம்பி கயிற்றைக் கட்டினான், கட்டியதையே அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

வீட்டுக்காரர் பின்னால் போய்க் குனிந்து மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்த கொஞ்சநஞ்சத் தண்ணீர் வடிந்தது. மூடியைத் தன் சட்டையில் துடைத்தார். இருபத்திரண்டு வருஷமாக ஒரு ஸ்பேனரைக்கூட யாரிடமும் கொடுத்துவைக்காத மனிதர், யாரும் கேட்காமலே நடந்து வந்து அக்கா கையில் இருந்த டப்பாவைத் திறந்து, செத்த ஃபியூஸ்களோடு மூடியைப் போட்டு, டப்பாவை அழுத்தி மூடினார்.

"மாப்ள திரும்பி வரட்டும்" என்றார்.